எங்கள் ஜன்னலில் அவருடைய ஸ்பீக்கர்

எதிர்வீட்டு மாமா தன் வீட்டு டிவியைத் தொட்டு நான் பார்த்ததே இல்லை. டிவியை மட்டுமல்ல, டிவிடி பிளேயர், ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர், இவற்றுக்கெல்லாம் கரண்ட் கொடுக்கிற சுவிட்ச், எதையும் அவர் தொட மாட்டார். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஹாலின் நடுவில் நிற்பார். கையைக் காட்டுவார். வீட்டிலிருப்பவர்கள் ஓடி ஓடித் திருகுவார்கள்.

துறைமுகத்தில் அவருக்கு சிக்னல்மேன் வேலை. கப்பலின் வயிற்றுக்குள் சரக்கை இறக்கும்போது உள்ளே என்ன நடக்கிறது என்று கிரேன் ஓட்டுகிறவருக்குத் தெரியாது. பள்ளத்தின் விளிம்பில் ஓர் ஆள் நின்று உள்ளேயும் பார்ப்பார், கிரேனையும் பார்ப்பார், கையாலேயே சொல்வார். ஆள்காட்டி விரலை மேலே நீட்டிச் சுழற்றினால் தூக்கு. கீழே நீட்டிச் சுழற்றினால் இறக்கு. கையை நீட்டி உள்ளங்கையைக் கவிழ்த்தால் நிறுத்து. அந்த இரைச்சலில் வாய்க்கு வேலையே கிடையாது. பாதி ஆயுளை இப்படிக் கழித்தவருக்கு வீட்டிலும் கை சும்மா இருக்கவில்லை. சாப்பிடும்போது குழம்பு வேண்டுமென்றால் விரலைக் கீழே காட்டிச் சுழற்றுவார். மாமி கரண்டியை இறக்குவார். உள்ளங்கை கவிழ்ந்தால் கரண்டி அங்கேயே நின்றுவிடும்.

கல்மண்டபத்தில் எங்கள் சந்து அப்படியொன்றும் அகலமில்லை. எதிரெதிரே இரண்டு ஆட்டோ வந்தால் ஒன்று பின்வாங்கித்தான் ஆக வேண்டும். அந்தப் பக்கம் அவர் வீட்டு வாசல், இந்தப் பக்கம் எங்கள் ஹாலின் இரண்டு ஜன்னல்கள். எங்கள் வீட்டில் அம்மா, அக்கா, நான். அப்பா தவறிய பிறகு எங்கள் வீட்டில் எது பழுதானாலும் முதலில் வந்து நிற்கிறவர் மாமாதான். நிற்கிறவர் என்றுதான் சொல்கிறேன். பழுது பார்க்கிறவன் நான்.

டிவிடி எல்லார் வீட்டுக்கும் வர ஆரம்பித்த காலம் அது. மாமாவும் பர்மா பஜாரில் ஒரு பிளேயரும், ரிச்சி தெருவில் அசெம்பிள் செய்த ஆம்ப்ளிஃபயரும், ஐந்து ஸ்பீக்கர் பெட்டியும், முக்காலி உயரத்துக்கு ஒரு வூஃபரும் வாங்கி மீன்பாடி வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். அப்போது எனக்கு எண்ணூரில் ஒரு கம்பெனியில் ஷிப்டு வேலை. நைட் ஷிப்டு முடித்து வந்து படுத்தவனை எழுப்பி இழுத்துக்கொண்டு போனார்கள். நான் பாய்லர் பக்கம் வேலை பார்க்கிறவன், ஒயருக்கும் எனக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். மாமாவுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஆளுக்குக் கை இருந்தால் போதும், மூளையை அவர் தருவார்.

டிவி ஸ்டாண்டுக்குப் பின்னால் சுவரோடு ஒட்டிக்கொண்டு நான். முன்னால் மாமா. எல்லாப் பெட்டிகளின் முதுகிலும் ஒரே மாதிரி ஓட்டைகள் வரிசையாக இருந்தன. என் கையிலோ மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று ஒரு கொத்து ஒயர். எதை எதில் செருகுவது என்று மாமா கை காட்டினார். ஸ்டாண்டு மறைத்ததால் அந்தக் கை எனக்குத் தெரியவில்லை. இரண்டு வார்த்தை வாயால் சொல்லியிருக்கலாம். சொல்ல மாட்டார். மாமி நடுவில் நின்று அந்தப் பக்கம் அவர் கையைப் பார்த்து, இந்தப் பக்கம் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"மேல போவ சொல்றாரு நைனா. இன்னும் மேல. போதுமாம்."

முதலில் படம் வந்தது, சத்தம் வரவில்லை. பிறகு சத்தம் வந்தது, படம் போய்விட்டது. கடைசியில் இரண்டும் வந்தபோது எல்லாரும் கை தட்டினார்கள். மாமா மட்டும் முகத்தைச் சுளித்தார். படத்தில் ஒரு ரயில் இடது பக்க ஸ்பீக்கரில் ஆரம்பித்து வலது பக்கத்துக்கு ஓடியது. அவர் வீட்டில் டிவியைப் பார்த்து நின்றால் இடது பக்கம் கடல், வலது பக்கம் ரயில் யார்டு இருக்கிற கொருக்குப்பேட்டை.

"கடல்லருந்து எப்பிடி நைனா ட்ரெயினு வரும்?" என்று கேட்டார். வாயைத் திறந்தே கேட்டார், அவ்வளவு வருத்தம்.

இடது ஒயரை வலதிலும் வலது ஒயரை இடதிலும் மாற்றிச் செருகினேன். அன்றிலிருந்து அந்த வீட்டில் எந்த நாட்டு ரயிலும் கொருக்குப்பேட்டையிலிருந்துதான் வந்தது. கதாநாயகன் இடது பக்கம் நின்று பேசுவான், குரல் வலது பக்கத்திலிருந்து வரும். அதைப் பற்றி மாமாவுக்குக் கவலையில்லை. ஏதாவது ஒரு படத்தில் ரயில் மறுபடியும் கடல் பக்கத்திலிருந்து வந்தால், அது ஹார்பரிலிருந்து வெளியே வருகிற கூட்ஸ் வண்டி என்று தானே சமாதானம் சொல்லிக்கொள்வார்.

சாமான்களோடு ரிமோட்டுகளும் வந்திருந்தன. பிளாஸ்டிக் கவரைக்கூடப் பிரிக்காமல் அவற்றை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். கிரேனில் ஆடுகிற சரக்கைப் பார்க்க ரிமோட்டுக்குக் கண் இல்லை என்பது ஒரு காரணம். ஒரு வேலைக்கு இத்தனை ஆள் என்று இருப்பதை அது கெடுக்கிறது என்பது இன்னொரு காரணம். அந்த வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு பெட்டி ஒதுக்கப்பட்டிருந்தது. டிஸ்க் போடுவதும் எடுப்பதும் மாமி. ஆம்ப்ளிஃபயரில் சத்தத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் மகன். டிவி மாமியின் தம்பி. ஒருவர் பெட்டியை இன்னொருவர் தொடக் கூடாது. தொட்டால் விபத்து என்பார் மாமா. டிவி முன்னால் உட்கார்ந்திருக்கிற வீட்டில் என்ன விபத்து வந்துவிடும் என்று நாங்கள் சிரிப்போம்.

இதெல்லாம் அவர் வீட்டோடு போயிருந்தால் நான் எழுத ஒன்றும் இல்லை. பின்பக்க ஸ்பீக்கர் என்று இரண்டு இருந்தன. உட்கார்ந்து பார்க்கிறவர்களின் முதுகுக்குப் பின்னால் நன்றாகத் தள்ளி அவற்றை வைக்க வேண்டும் என்று கடைக்காரர் சொல்லி அனுப்பியிருந்தார். மாமா வீட்டு ஹாலில் உட்கார்ந்தாலே முதுகு வாசற்படியில் இடிக்கும். அதற்குப் பின்னால் சந்து. சந்துக்குப் பின்னால் நாங்கள்.

"ரெண்டே ரெண்டு பொட்டி தங்கச்சி. பூந்தொட்டி மாரி ஜன்னல்ல வெச்சிக்கோ" என்று அம்மாவிடம் கேட்டார். அம்மாவும் பூந்தொட்டியை நினைத்துக்கொண்டுதான் சரி என்றாள். சந்துக்கு மேலே துணிக்கொடியோடு சேர்த்து ஒயரை இழுத்து, ஜன்னலுக்கு ஒன்றாக இரண்டு பெட்டிகளையும் அவர் வீட்டைப் பார்த்து வைத்தோம்.

படத்தில் பேச்சும் பாட்டும் முன்பக்க ஸ்பீக்கர்களில் போய்விடும். பின்பக்கத்துக்கு வருவதெல்லாம் மிச்சம் மீதி. மழை, காற்று, குதிரைக் குளம்பு, கூட்டத்தின் கூச்சல், எங்கேயோ நாய் குரைப்பது, யாரோ கதவைத் திறப்பது. யார் திறந்தார்கள், எதற்குத் திறந்தார்கள் என்பது எதிர்வீட்டுக்குத்தான் தெரியும். இந்த மிச்சத்தில்தான் நாங்கள் சில வருடம் குடும்பம் நடத்தினோம். ஆரம்பத்தில் இடி இடித்தால் அம்மா மாடிக்கு ஓடிப்போய்த் துணிகளை அள்ளிக்கொண்டு வருவாள். பிறகு சுதாரித்துக்கொண்டு எந்த இடியையும் நம்பாமல் விட்டாள். ஒரு நாள் நிஜமாகவே மழை கொட்டி வடாம் முழுக்கக் கரைந்து போனது. மீன் விற்கிற அம்மா ஒருத்தி கூடையோடு சந்தில் வந்துகொண்டிருந்தபோது பின்னாலிருந்து குதிரைகள் பாய்ந்து வர, சுவரோடு ஒட்டி நின்று கண்ணை மூடிக்கொண்டாள். குதிரைகள் போன பிறகு அவள் மாமாவைத் திட்டிய திட்டுகளை இங்கே எழுத முடியாது. பகலில் தூங்குகிறவன் நான். என் தலைமாட்டில் படைகள் நடந்தன. கனவிலேயே சில போர்களில் சண்டை போட்டிருக்கிறேன்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். துறைமுகத்தில் 'நிறுத்து' என்ற சைகையை யார் காட்டினாலும் கிரேன் நிற்க வேண்டும். சின்ன ஆள், பெரிய ஆள் என்ற கணக்கு அதற்கு இல்லை. மாமா அதை வீட்டிலும் காப்பாற்றினார். அம்மா ஜன்னலில் நின்று உள்ளங்கையைக் கவிழ்த்தால் போதும், எந்தக் கட்டத்தில் இருந்தாலும் படம் நின்றுவிடும். எங்கள் தொல்லை தாங்கும்படி இருந்ததற்குக் காரணம் அந்த ஒரு கைதான்.

அந்தக் கை அம்மாவுக்குக் கிடைக்காத நாளும் வந்தது. அக்காவைப் பெண் பார்க்க பெரம்பூரிலிருந்து வந்திருந்தார்கள். அம்மா கையில் பலகாரத் தட்டு. அக்கா காபியோடு வந்து நிற்கிறாள். அந்த நேரம் பார்த்து இரண்டு ஜன்னல்களிலும் ஒரு பெண் ஓலமிட்டு அழுதாள். பக்கத்தில் யாராவது தவறிவிட்டார்களா என்று பையனின் அம்மா கேட்டாள். சினிமா என்றோம். சினிமா என்றால் பேச்சே காணோமே என்றாள். ஐந்து ஸ்பீக்கர், ஒரு வூஃபர் என்கிற ஃபைவ் பாயிண்ட் ஒன் கணக்கை அவளுக்கு விளக்கிச் சொல்ல எங்களில் யாருக்கும் தெம்பு இல்லை. எழுந்து போனவர்கள் போனவர்கள்தான்.

அன்று அம்மா சந்தில் இறங்கி மாமாவைப் பார்த்து நின்றாள். அம்மா பேச வேண்டியதையெல்லாம் மாமியே அவரிடம் பேசிவிட்டார். மாமா தலையைக் குனிந்துகொண்டார். அதற்குப் பிறகு அக்காவின் கல்யாணத்தை அவர் தன் தலையில் தூக்கிப் போட்டுக்கொண்டார். பார்க்கிறவர்களிடமெல்லாம் எங்கள் பொண்ணுக்கு இடம் இருக்கிறதா என்று கேட்டார்.

இடம் அக்காவாகவே கண்டுபிடித்தாள். தண்டையார்பேட்டையில் ஒரு மருந்துக்கடையில் அவளுக்கு வேலை. திருவொற்றியூர்க்காரர் ஒருவர் தன் அம்மாவுக்கு சுகர் மாத்திரை வாங்க அங்கே வருவார். பிறகு மாத்திரை தீராமலேயே வர ஆரம்பித்தார். அவருக்கு அக்காவைப் பிடித்திருந்தது, அக்காவுக்கும் அவரை. அவர் அம்மாவுக்கு மட்டும் இஷ்டமில்லை, அப்பா இல்லாத வீடு என்று யோசித்தாள். மகன் கெஞ்சிக் கேட்டதால் ஒரு தடவை வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தாள். அக்கா முப்பதை எட்டிக்கொண்டிருந்தாள். இது அமையவில்லை என்றால் இனி யாருக்கும் காபி தூக்கிக்கொண்டு வர மாட்டேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டாள். சொன்னால் செய்கிறவள்.

அம்மா தந்திரமாக ஒரு காரியம் செய்தாள். வீட்டுக்குப் பெரியவராக வந்து உட்கார வேண்டும் என்று மாமாவையே அழைத்துவிட்டாள். கண் முன்னால் இருந்தால் தொல்லை இல்லை அல்லவா. மாமா நெகிழ்ந்து போனார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினார். அவர் வீட்டில் படம் ஓடிக்கொண்டிருந்தது. ஹாலின் நடுவில் நின்று, கையை நீட்டி, உள்ளங்கையைக் கவிழ்த்தார். படம், சத்தம், ஃபேன், லைட் எல்லாம் ஒரே வீச்சில் நின்றன. வீட்டார் இவ்வளவு ஒழுங்காகக் கீழ்ப்படிவதைப் பார்த்து அவருக்கு ஒரே பெருமை. அது பவர் கட் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. எல்லாம் அடங்கிவிட்டதே என்று மகன் கிரிக்கெட் ஆடப் போனான். மச்சானும் எங்கேயோ போய்விட்டார். ஒரு சுவிட்சும் அணைக்கப்படவில்லை.

திருவொற்றியூர்க்காரர்கள் வாடகை வேனில் வந்தார்கள். சந்தில் எப்படியோ நுழைத்து எங்கள் வீட்டைத் தாண்டி, தெருக்குழாய்க்காகச் சந்து கொஞ்சம் அகலமாகிற பைப்படி ஓரம் வேனை நிறுத்தினார் டிரைவர். பையன், அவர் அம்மா, அவர் அப்பா, இன்னும் இரண்டு உறவுக்காரர்கள். பையனின் அப்பா எண்ணூர் பக்கம் ஒரு யார்டில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர் என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது. மகன் அதைச் சொல்ல மறந்திருந்தார். ஜன்னலைப் பார்த்த நாற்காலியில் அவரை உட்கார வைத்தோம். மாமா ஜன்னலை ஒட்டி, அவருக்கு நேர் எதிரே.

அக்கா காபி கொடுத்தாள். பையனின் அம்மா அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, சமையல் தெரியுமா என்று ஆரம்பித்தாள். அந்தச் சமயம் கரண்ட் வந்தது. ஃபேன் சுற்றியது. எல்லாரும் அப்பாடா என்று சட்டையைத் தளர்த்தினார்கள். இடது ஜன்னலிலிருந்து ஒரு ஹெலிகாப்டர் கிளம்பியது.

அது எங்கள் ஹாலைத் தாண்டி வலது ஜன்னலுக்குப் போனது. வந்திருந்தவர்களின் தலைகள் எல்லாம் சேர்ந்தாற்போல் இடமிருந்து வலமாகத் திரும்பின. திரும்பி முடிப்பதற்குள் அது மறுபடியும் இடது பக்கம் வந்தது. அம்மா என்னைப் பார்த்தாள். நான் மாமாவைப் பார்த்தேன். மாமாவின் முகத்தில் ரத்தமே இல்லை.

ஜன்னல் வழியாக எதிரே அவர் வீட்டு ஹால் தெரிந்தது. சத்தம் கேட்டு மாமி சமையலறையிலிருந்து ஓடிவந்து, எந்தப் பெட்டியைத் தொடுவது என்று தெரியாமல் நின்றார். தன் டிஸ்க்கை எடுத்தாலே போதும் என்பது அந்தப் பதற்றத்தில் அவருக்குத் தோன்றவில்லை; சத்தப் பெட்டியை அவர் இதுவரை தொட்டதே இல்லை. பெண் பார்க்கும் இடத்தில் கத்த முடியாதே. மாமா நாற்காலியில் பாதி எழுந்து, ஜன்னலைப் பார்த்துத் திரும்பி, ஒரு கையை ஜன்னல் திட்டுக்குக் கீழே மறைத்துக்கொண்டு விரலைக் கீழே காட்டிச் சுழற்றினார். மறைத்த கை மாமிக்கு எப்படித் தெரியும்? அது பையனின் அப்பாவுக்குத்தான் தெரிந்தது.

அவர் காபி டம்ளரை வாய்க்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தார். அது மெல்லக் கீழே இறங்கியது. மாமா உள்ளங்கையைக் கவிழ்த்தார். டம்ளர் அந்தரத்தில் நின்றது. அதற்குள் மாமி கைக்குக் கிடைத்த பெரிய குமிழைத் திருகிவிட்டார். ஹெலிகாப்டர் இரண்டு மடங்கு பெரிதாகிவிட்டது. மாமா பதறிப்போய் விரலை மேலே காட்டினார், கீழே காட்டினார், மறுபடி மேலே காட்டினார். டம்ளர் ஏறியது, இறங்கியது, ஏறியது. ஒரு சொட்டு சிந்தவில்லை. மனிதரின் கண் மாமாவின் விரலை விட்டு நகரவில்லை. தான் என்ன செய்கிறோம் என்றே அவருக்குத் தெரியவில்லை என்று நினைக்கிறேன்.

மாமி கடைசியில் மெயின் சுவிட்சைப் பிடுங்காத குறையாக அணைத்தார். திடீரென்று ஒரே அமைதி. டம்ளர் மட்டும் வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் நின்றுகொண்டிருந்தது, அடுத்த உத்தரவுக்காக.

அக்கா சிரித்துவிட்டாள். தலையைக் குனிந்து நிற்க வேண்டிய பெண், தூணைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பையனும் சிரித்தார். அவர் அம்மா சிரிக்கவில்லை. பையனின் அப்பா டம்ளரைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார், எந்த டாக்கில் வேலை என்று கேட்டார். அவ்வளவுதான். இருவரும் கப்பல், கிரேன், அறுந்துபோன கயிறு, தப்பித்த ஆட்கள் என்று பேச ஆரம்பித்து, வந்த வேலையை மறந்தே போனார்கள். அக்காவைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பையனின் அம்மா சேலையை உதறிக்கொண்டு எழுந்து, வீட்டில் கலந்து பேசிவிட்டுச் சொல்லி அனுப்புகிறோம் என்றாள். அந்தக் குரலை நாங்கள் ஏற்கெனவே கேட்டிருக்கிறோம்.

சந்து முனைக்கு நடந்துபோன பிறகு பையனின் அப்பா திரும்பி எங்கள் பக்கம் பார்த்தார். ஆள்காட்டி விரலை மேலே தூக்கிச் சுழற்றினார். மாமா எங்கள் வாசலில் அம்மாவோடு நின்றுகொண்டிருந்தார்.

"தூக்க சொல்ட்டாரு தங்கச்சி" என்றார்.

"யாரு?"

"சம்மந்தி. கைய பாத்தல்ல? முடிஞ்சிது. கல்யாணந்தான்."

வாயால் ஒன்றும் சொல்லவில்லையே என்று அம்மா தயங்கினாள். வாயால் சொல்கிறவன் நாளைக்கு மாற்றிப் பேசுவான், சிக்னலை மாற்ற முடியாது என்று மாமா அடித்துச் சொன்னார். சொன்னதோடு நிற்கவில்லை. சந்து முழுக்கச் சர்க்கரை கொடுத்தார். கோயில் வாசலில் சொன்னார், துறைமுக கேட்டில் சொன்னார், காசிமேட்டு மீன் ஏலத்தில் போய்ச் சொன்னார். மீன் எங்கெல்லாம் போகுமோ அங்கெல்லாம் சேதி போனது. திருவொற்றியூரில் பையனின் அம்மா ரேஷன் கடை வரிசையில் நின்றிருந்தபோது, மருமகள் கல்மண்டபமாமே என்று முன்னால் நின்றவள் கையைப் பிடித்து வாழ்த்தினாளாம்.

நான்கு நாள் கழித்துக் காலையில் பையனின் அப்பா மொபெட்டில் வந்து இறங்கினார். நான் அப்போதுதான் ஷிப்டு முடித்து வந்திருந்தேன். அக்கா கடைக்குக் கிளம்பி வாசலுக்கு வந்தவள் அவரைப் பார்த்துக் கதவோரம் நின்றுவிட்டாள். அவர் வீட்டுக்குள் வரவில்லை. நேரே எதிர்வாசலுக்குப் போனார்.

"நானு வேன்காரனுக்குக் கை காட்னேன்பா. வண்டிய திருப்பிகினு வான்னு. அத்தப் பாத்துட்டு ஊரெல்லாம் கல்யாணம்னு சொல்லிகினு கீறியே. எங்க வூட்ல ரெண்டு நாளா சோறு பொங்கல."

மானம் போயிற்று, கல்யாணமும் போயிற்று என்று எனக்குத் தோன்றியது. அந்த இரண்டு ஸ்பீக்கரையும் எடுத்து மாமா தலையிலேயே போடலாம் போல ஆத்திரம் வந்தது. அக்கா அசையவில்லை. அவள் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்கப் பயமாக இருந்தது.

மாமா படியிறங்கிச் சந்துக்கு வந்தார். அவருடைய இரண்டு கைகளும் சும்மா தொங்கிக்கொண்டிருந்தன. அப்படி நான் பார்த்ததே இல்லை. வாயால்தான் பேசினார்.

"நீ கிரேன் ஓட்னவன், உனுக்கு நான் சொல்லணுமா. சிக்னலு வந்துச்சி, தூக்கியாச்சி. தப்பாவே பாத்துட்டேன்னு வெச்சிக்கோ. இப்ப சரக்கு அந்தரத்துல தொங்கினு கீது, அடியில ஆளு நிக்கிது. இப்ப போயி அது உனுக்குக் குடுத்த சிக்னல் இல்லன்னு சொல்லி கைய உட்டுடுவியா நீ?"

பையனின் அப்பா திரும்பிப் பார்த்தார். கதவோரத்தில் அக்கா, தோளில் பையோடு. அன்று அப்படிச் சிரித்தவள் இப்போது உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் இன்றைக்கும் அந்த மனிதரை மதிப்பது அந்தப் பார்வைக்காகத்தான்.

"எங்க வூட்ல கேட்டா" என்றார், "நான்தான் குடுத்தேன்னு சொல்லிடறேன்."

சொல்லிவிட்டு எங்கள் வீட்டுப் படியேறி வந்து உட்கார்ந்து அம்மாவிடம் காபி கேட்டார். அம்மா சர்க்கரையை இரண்டு தடவை போட்டுக் கொண்டுவந்தாள். அவர் அதைக் கடைசிச் சொட்டு வரை குடித்தார். அவர் வீட்டில் எப்படிச் சொன்னார், அந்த அம்மா என்ன பதில் சொன்னாள் என்பது எனக்குத் தெரியாது. ஒரு மாதம் கழித்துத் தட்டோடு வந்தார்கள். அந்த அம்மாதான் அக்காவுக்குப் பூ வைத்தாள். முகம் முழுக்க மலர்ந்தது என்று சொல்ல மாட்டேன், ஆனால் பூவை நிறையவே வைத்தாள்.

கல்யாணம் திருவொற்றியூரில் ஒரு சின்ன மண்டபத்தில் நடந்தது. மாமா அங்கேயும் எதையும் தொடவில்லை. பந்தியில் அவருக்குப் பக்கத்தில் எனக்கு இடம் கிடைத்தது. மனதில் கிடந்ததைக் கேட்டுவிட்டேன். அவ்வளவு பெரிய வேன் பைப்படியில் நின்றுகொண்டிருந்தது, டிரைவர் உள்ளே உட்கார்ந்திருந்தார், அது வேனுக்குக் காட்டிய கை என்று உங்களுக்குத் தெரியவில்லையா மாமா என்றேன்.

அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். இவ்வளவு கோபமாக அவரை நான் பார்த்ததில்லை.

"வேனுக்குக் காட்டறது எது, எனுக்குக் காட்டறது எதுன்னு தெரியாமயா இத்தினி வருசம் ஹார்பர்ல சோறு துன்னேன்? நான் தப்பா பாத்திருந்தா கப்பல்ல எத்தினி பேரு செத்திருப்பான் தெரியுமா உனுக்கு?"

"அப்ப தெரிஞ்சேவா சொன்னீங்க?"

அவர் சாதத்தைப் பிசைய ஆரம்பித்தார்.

"அவங்க போறப்ப உங்கக்கா ஜன்னலாண்ட நின்னு பாத்துகினு இருந்துச்சி" என்றார் மெதுவாக. "அந்த மூஞ்ச பாத்துட்டு சும்மா இருக்க முடில நைனா."

அவ்வளவு நாள் அந்த மனிதரைப் பற்றிச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். பாயசம் வாளி தூரத்தில் போய்க்கொண்டிருந்தது. பரிமாறுகிறவனைக் கூப்பிடாமல் நானே எழுந்துபோய் அவருக்கு வாங்கிவந்தேன்.